2022 ஆர்எக்ஸா, 2023 ஆர்எக்ஸா? பக்கத்து ஆண்டுகள், வேறு வேறு கார்கள்

நீங்கள் கேட்டது இது. நியூ ஜெர்சியில் எடிசன் பக்கம் வீடு. டீலரிடம் இரண்டு லெக்சஸ் (டொயோட்டாவின் சொகுசுப் பிரிவு) ஆர்எக்ஸ் 350 கார்களைப் பார்த்து வைத்திருக்கிறீர்கள். ஒன்று 2022, 38,000 மைல் ஓடியது. மற்றது 2023, 31,000 மைல் ஓடியது. இரண்டுமே நான்கு சக்கர இயக்கம் கொண்டவை, இரண்டுக்கும் 6,000 டாலர் வித்தியாசம். ஆண்டுக்குச் சுமார் 15,000 மைல் ஓட்டுவீர்கள், பத்து ஆண்டுகள் வைத்துக்கொள்ள நினைக்கிறீர்கள், ஊரிலிருந்து பெற்றோர் வந்தால் அவர்களும் ஏறவேண்டும். “ஒரு வருடம்தானே வித்தியாசம், எதற்கு 6,000 டாலர்?” என்பது கேள்வி.

பத்து ஆண்டு கணக்கில் பெட்ரோல் வண்டிதான் வேண்டும் என்றால் 2022-ஐ எடுங்கள். ஹைபிரிட் (பெட்ரோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் சேர்ந்த வண்டி) எடுக்க மனமிருந்தால் 2023-க்குப் போங்கள், ஆனால் அது நீங்கள் பார்த்து வைத்த 2023 அல்ல. பெட்ரோலுக்கு ஒரு பதில், ஹைபிரிடுக்கு நேர்மாறான பதில் என்பது குழப்பமாகத் தோன்றும். காரணம், அந்த ஓராண்டு இடைவெளியில் இவ்விரண்டும் எதிரெதிர் திசையில் நகர்ந்துவிட்டன.

முதலில் அந்த ஓராண்டு எப்படிப்பட்ட ஓராண்டு என்று பார்ப்போம். ஒரு சொகுசு எஸ்யூவி ஆண்டுதோறும் புதிதாகப் பிறப்பதில்லை. ஆறேழு ஆண்டுகளுக்கு ஒருமுறை அடித்தளத்திலிருந்து புதிதாகச் செய்வார்கள், நடுவில் ஒருமுறை முகத்தை மாற்றி, திரையை மாற்றி, சில வசதிகளைச் சேர்ப்பார்கள். மற்ற ஆண்டுகளில் நிறங்களும் பேக்கேஜ் பெயர்களும்தான் மாறும். ஆர்எக்ஸின் நான்காம் தலைமுறை அமெரிக்காவில் 2016 மாடலாக வந்தது. 2020-இல் நடுவயது ஒப்பனை நடந்தது. 2022 அந்தத் தலைமுறையின் கடைசி ஆண்டு. 2023 ஐந்தாம் தலைமுறையின் முதல் ஆண்டு. அதாவது உங்கள் இரண்டு கார்களுக்கும் நடுவே ஓடுவது ஓராண்டுக் கோடு அல்ல, தலைமுறைக் கோடு. அடித்தளம், எஞ்சின், திரை, பின்சக்கர சஸ்பென்ஷன் எல்லாமே வேறு.

இதிலிருந்தே உங்களுக்குப் பணம் மிச்சமாகும் ஒரு வழி கிடைக்கிறது. 2020, 2021, 2022 மூன்றும் ஏறக்குறைய ஒரே கார். 2019-க்கும் 2020-க்கும் இடையில்தான் கவனிக்கத்தக்க மாற்றம் உண்டு: 2020-இல் தொடுதிரை வந்தது, ஆப்பிள் கார்ப்ளேயும் ஆண்ட்ராய்டு ஆட்டோவும் வந்தன, இரவில் நடந்துபோகிறவரையும் பகலில் சைக்கிளில் போகிறவரையும் கண்டறியும் பாதுகாப்பு அமைப்பு வந்தது. 2019 வரை ஆர்எக்ஸில் கார்ப்ளே இல்லை, திரையைத் தொட்டாலும் ஒன்றும் நடக்காது. ஆகவே 2019-ஐத் தவிர்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. 2021-ஐத் தவிர்த்து 2022-ஐ வாங்குவதற்கு, மைலும் வாரண்டியும் தவிர, வலுவான காரணம் இல்லை. குறைவாக ஓடிய 2021 நல்ல விலைக்குக் கிடைத்தால் நான் அதைத்தான் முதலில் பார்ப்பேன்.

எந்த மாடல் ஆண்டு என்பதில் சந்தேகம் வந்தால் விளம்பரத்தை நம்ப வேண்டாம். முன்கண்ணாடியின் கீழ் மூலையில் தெரியும் வின் எண்ணின் (வண்டியின் அடையாள எண்) பத்தாவது எழுத்தைப் பாருங்கள். ‘என்’ என்றால் 2022, ‘பி’ (P) என்றால் 2023. எண்ணோடு குழம்பும் என்பதால் ‘ஓ’ எழுத்தைப் பயன்படுத்துவதில்லை. முதல் எழுத்து ‘ஜே’ என்றால் ஜப்பானில் செய்தது, ‘2’ என்றால் கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் உள்ள கேம்பிரிட்ஜ் ஆலையில் செய்தது. ஜப்பானில் செய்ததற்குத் தனி மவுசு என்று சிலர் பேரம் பேசுவார்கள். 2003 முதல் ஆர்எக்ஸ் செய்துவரும் ஆலை அது. அதற்காக ஒரு டாலர்கூட அதிகம் கொடுக்காதீர்கள்.

இப்போது எஞ்சின். இந்த ஒப்பீட்டின் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது.

2022-இல் இருப்பது 3.5 லிட்டர் வி6, அதாவது ஆறு சிலிண்டர். டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் சுழலி) கிடையாது. 295 குதிரைத்திறன். முறுக்குவிசை சுமார் 360 நியூட்டன் மீட்டர், அதுவும் எஞ்சின் 4,700 சுற்றைத் தொடும்போதுதான் முழுதாக வரும். 2023-இல் 2.4 லிட்டர், நான்கு சிலிண்டர், டர்போ. 275 குதிரைத்திறன், ஆனால் 430 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, அதுவும் 1,700 சுற்றிலேயே. விளம்பரத் தாளில் குதிரைத்திறனை மட்டும் பார்ப்பவர் “புதியது பலவீனமானது” என்று முடிவு கட்டிவிடுவார். ஓட்டிப் பார்த்தால் நேர்மாறாக இருக்கும். சிக்னலில் கிளம்பும்போதும், டர்ன்பைக்கில் (சுங்க நெடுஞ்சாலை) நுழையும் வளைவில் வேகம் பிடிக்கும்போதும் புதியதுதான் சட்டென்று இழுக்கிறது. பழையதற்கு ஒரு கணம் யோசிக்க வேண்டும், இரண்டு கியர் கீழே இறங்க வேண்டும், பிறகுதான் கிளம்பும். நீங்கள் பிட்ஸ்பர்க் வேங்கடாசலபதி கோயிலுக்குப் போகிறவர் என்றால் வித்தியாசம் இன்னும் தெரியும். பென்சில்வேனியா டர்ன்பைக்கின் மலை ஏற்றங்களில், ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறியிருக்கும்போது, டர்போ எஞ்சின் அலட்டிக்கொள்ளாமல் ஏறும்.

அப்படியானால் ஏன் பழையதைச் சொல்கிறேன்? இரண்டு காரணங்கள்.

ஒன்று, ஒலி. ஆர்எக்ஸ் வாங்குகிறவர் வேகத்துக்காக வாங்குவதில்லை, அமைதிக்காக வாங்குகிறார். வி6 எஞ்சினை ஓங்கி மிதித்தால் ஒரு கனத்த, சீரான ஒலி வரும். நான்கு சிலிண்டரை மிதித்தால் கரகரப்பு எட்டிப் பார்க்கும். அது மோசமான எஞ்சின் அல்ல. ஆனால் ஐம்பதாயிரம் டாலர் வண்டியின் உள்ளே அந்த ஒலி கொஞ்சம் பொருந்தாமல் உட்கார்ந்திருக்கிறது. மெதுவாகப் போகும்வரை தெரியாது. எல்லோரும் மெதுவாகவே போவதில்லை.

இரண்டாவதுதான் முக்கியம்: வயது. இந்த வி6 குடும்பம் இருபது ஆண்டுகளாக டொயோட்டாவின் எத்தனையோ கார்களில் ஓடியிருக்கிறது. ஆர்எக்ஸில் இருக்கும் வடிவம் 2016-இலிருந்து அப்படியே இருக்கிறது. இதன் நோய்கள் என்னென்ன என்று ஊர்ப்புறத்துத் தனி மெக்கானிக்குக்கூடத் தெரியும். மைல் ஏறிய பிறகு வாட்டர் பம்ப் கசியலாம். டைமிங் கவர் ஓரத்தில் ஆயில் வியர்க்கலாம். ஸ்பார்க் பிளக் மாற்றும்போது பின்வரிசை மூன்றையும் எட்டுவதற்கு மேலேயுள்ள காற்றுக் குழாய்த் தொகுதியைக் கழற்ற வேண்டும், அதனால் கூலி அதிகம். இவ்வளவுதான். இவற்றில் எதுவும் வண்டியைப் பாதி வழியில் நிறுத்திவிடும் வகையல்ல, முன்கூட்டியே அடையாளம் காட்டும் வகை.

2.4 டர்போ அப்படியல்ல. லெக்சஸில் 2022 என்எக்ஸ் 350 என்ற சிறிய எஸ்யூவியில்தான் முதலில் வந்தது. மறு ஆண்டே ஆர்எக்ஸுக்கும் டொயோட்டா ஹைலாண்டருக்கும் போனது, இரண்டிலும் பழைய வி6-இன் இடத்தைப் பிடித்தது. அதைக் குறை சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. சிலிண்டருக்குள் நேரடியாகவும், வால்வுக்கு முன்னாலும் என இரண்டு இடங்களில் பெட்ரோலைத் தெளிக்கும் ஏற்பாடு இதிலும் உண்டு. நேரடித் தெளிப்பு மட்டும் உள்ள எஞ்சின்களில் வால்வில் கரி படியும் தொல்லை அதனால் இங்கே குறையும். நல்ல பொறியியல்தான். ஆனால் டர்போ என்றாலே கூடுதலாக ஒரு சுழலி, அதற்கு ஆயில் குழாய், குளிர்விக்கும் நீர்க் குழாய், காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், இவற்றையெல்லாம் சுற்றி அதிக வெப்பம். வாரண்டிக்குள் இதெல்லாம் உற்பத்தியாளரின் கவலை. நீங்கள் சொன்ன கணக்குப்படி பத்தாம் ஆண்டில் வண்டி 1,80,000 மைலைத் தாண்டியிருக்கும். அப்போது அது உங்கள் கவலை. அத்தனை மைல் ஓடிய 2.4 டர்போக்கள் இன்னும் போதிய எண்ணிக்கையில் இல்லை. வி6-க்கு அந்தச் சோதனை எப்போதோ முடிந்துவிட்டது.

மூன்று நான்கு ஆண்டுகளில் விற்றுவிடுகிறவராக இருந்தால் இந்த வாதம் முழுதும் உங்களுக்குப் பொருந்தாது. அவர் 2023-ஐயே வாங்கலாம், நன்றாக அனுபவிக்கலாம்.

எரிபொருள் மிச்சம் என்று டீலர் சொல்லியிருப்பார். சொன்னது உண்மைதான், அளவுதான் சிறியது. அமெரிக்க அரசின் மதிப்பீட்டில் நான்கு சக்கர இயக்கமுள்ள 2022 ஆர்எக்ஸ் 350 கேலனுக்குச் சராசரியாக 22 மைல், 2023 ஆர்எக்ஸ் 350 24 மைல். உங்கள் 15,000 மைலுக்கு ஆண்டுக்கு 57 கேலன் மிச்சம். கேலன் மூன்றேகால் டாலர் என்று வைத்தால் 185 டாலர். பத்து ஆண்டுக்கும் சேர்த்து இரண்டாயிரத்தைத் தொடாது. அதற்கு 6,000 டாலரை முன்னால் கொடுப்பது கணக்கில் நிற்காது.

இனி ஹைபிரிட். நீங்கள் இதைக் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

2022-இல் ஹைபிரிட் ஆர்எக்ஸின் பெயர் 450எச். அதிலும் 3.5 லிட்டர் வி6, கூட மின்மோட்டார்கள், மொத்தம் 308 குதிரைத்திறன். ஓட்ட அருமையான வண்டி. மைலேஜ்தான் கேலனுக்கு 30. 2023-இல் அதை நிறுத்திவிட்டு 350எச் கொண்டுவந்தார்கள். 2.5 லிட்டர் நான்கு சிலிண்டர், மொத்தம் 246 குதிரைத்திறன், கேலனுக்கு 36 மைல். தாளில் பார்த்தால் 62 குதிரைகளை இழந்திருக்கிறது. ஆனாலும் ஓட்டத்தில் பின்தங்கவில்லை. புதிய அடித்தளத்தின் எடைக் குறைப்பும் மோட்டார்களின் இழுவையும் ஈடுகட்டிவிடுகின்றன. நின்ற நிலையிலிருந்து மணிக்கு 60 மைல் எட்டுவதில் பழைய 450எச்-ஐவிட இது சற்று முந்துகிறது என்றே லெக்சஸின் சொந்தக் கணக்கு சொல்கிறது.

முன்பு சொன்ன வயது வாதத்தை இங்கே வைத்துப் பாருங்கள், அது தலைகீழாகப் புரள்கிறது. 350எச்-இல் இருக்கும் 2.5 லிட்டர் ஹைபிரிட் எஞ்சின் 2018 கேம்ரி ஹைபிரிடிலும் 2019 ராவ்4 ஹைபிரிடிலும் வந்தது. 2023 ஆர்எக்ஸுக்குள் நுழையும்போது அதற்கு ஐந்து ஆண்டு அனுபவம் ஆகிவிட்டது. நியூயார்க்கில் வாடகைக்கு ஓடும் கேம்ரி ஹைபிரிட்களில் ஏறியிருப்பீர்கள், ஓட்டுநரிடம் மைல் எவ்வளவு ஆனது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். டர்போ இல்லை. தனியாக ஸ்டார்ட்டர் மோட்டார் இல்லை, ஆல்டர்னேட்டர் இல்லை. அந்த வேலைகளை ஹைபிரிட் மோட்டார்களே பார்த்துக்கொள்கின்றன. கியர்பாக்ஸை ‘இ-சிவிடி’ என்பார்கள். சிவிடி (படிப்படியான கியர்கள் இல்லாத கியர்பாக்ஸ்) என்ற பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டாம். மற்ற நிறுவனங்களின் சிவிடிகளில் அறுந்துபோகும் அந்த உலோகப் பட்டை இதில் கிடையவே கிடையாது, பற்சக்கரங்கள் மட்டும்தான். பிரேக் பிடிக்கும்போது மோட்டாரே பாதி வேலையைச் செய்வதால் பிரேக் பேடுகள் நீண்ட நாள் வருகின்றன. ஆக, புதிய வண்டிக்குள் பழகிய எஞ்சின் உட்கார்ந்திருக்கிறது. பெட்ரோல் 350-இல் நடந்ததற்கு இது எதிர்ப்பதம்.

கணக்கும் இதற்குச் சாதகம். உங்கள் 2022 வி6-க்கும் 350எச்-க்கும் ஆண்டுக்கு 265 கேலன் வித்தியாசம், 860 டாலர் அளவுக்கு. பத்து ஆண்டில் எட்டாயிரத்து அறுநூறு. அதே 6,000 டாலரைக் கூடுதலாகக் கொடுத்து 350எச் கிடைத்தால் ஏழு ஆண்டில் திரும்பி வந்துவிடும். இன்னொன்றும் உண்டு. 2020 மாடலிலிருந்து லெக்சஸ் ஹைபிரிட் பேட்டரிக்கு 10 ஆண்டு அல்லது 1,50,000 மைல் வாரண்டி தருகிறது, இரண்டாவது உரிமையாளருக்கும் அது செல்லும். “பேட்டரி போனால் பத்தாயிரம் டாலர்” என்று உங்கள் அலுவலக நண்பர் பயமுறுத்தியிருப்பார். பேட்டரியைக் குளிர்விக்கும் காற்றுத் துவாரம் பின்இருக்கைக்கு அடியில் இருக்கிறது. அதைப் பைகளாலும் கம்பளத்தாலும் அடைக்காமல், வடிகட்டியை அவ்வப்போது சுத்தம் செய்து வைத்தாலே அந்தப் பயத்தில் பெரும்பகுதி போய்விடும்.

குறை இல்லையா? இருக்கிறது. நான் சொன்ன அதே பென்சில்வேனியா மலை ஏற்றத்தில், முழுச் சுமையோடு, 350எச் எஞ்சின் உரக்க முனகும். சுற்று ஏறி அங்கேயே நின்றுகொண்டு இரைவது இ-சிவிடியின் குணம். ஏற்றம் முடிந்ததும் அடங்கிவிடும். படகு, டிரெய்லர் என்று எதையாவது இழுக்கிறவர்களுக்கும் இது தகாது. பெட்ரோல் 350 வண்டி 3,500 பவுண்டு இழுக்கும், 350எச் 2,500 பவுண்டுதான். பின்சக்கரங்களுக்கு எஞ்சினிலிருந்து தண்டு போவதில்லை, தனி மோட்டார் ஓட்டுகிறது. நியூ ஜெர்சிப் பனிக்கு அது தாராளமாகப் போதும். குளிர்கால டயர் போடுவதுதான் அங்கே பெரிய வேறுபாட்டைக் கொண்டுவரும், இயக்க முறை அல்ல.

500எச் என்று ஒன்று 2023-இல் வந்ததையும் பார்த்திருப்பீர்கள். 2.4 டர்போவோடு மோட்டார்களைச் சேர்த்து 366 குதிரைத்திறன். மைலேஜ் 27-தான். வேகப் பிரியர்களுக்கானது. டர்போவும் ஹைபிரிடும் ஒரே வண்டியில் சேர்ந்தால் பராமரிக்க வேண்டியவையும் இரண்டு மடங்கு. பத்து ஆண்டு வைத்திருப்பவருக்கு நான் சொல்லமாட்டேன்.

உள்ளே உட்கார்ந்தால் 2022-இன் வயது உடனே தெரியும். அதன் பெரிய திரை 12.3 அங்குலம், சாதாரண பேக்கேஜில் 8 அங்குலம். திரை தள்ளி இருப்பதால் தொடுவதற்குக் கையை நீட்ட வேண்டும். நடுவில் கைக்கு அடியில் ஒரு தொடுபலகை இருக்கிறது, மடிக்கணினியில் இருப்பதுபோல. ஓடும் வண்டியில் அதை விரலால் தடவித் தடவி ஒரு பொத்தானைப் பிடிப்பதற்குள் எக்சிட் போய்விடும். மோட்டார் பத்திரிகைகள் ஆண்டுக்கணக்கில் திட்டித் தீர்த்த சாதனம் அது. 2023-இல் அதைத் தூக்கிவிட்டார்கள், நல்ல காரியம். திரை 9.8 அங்குலம், மேல் பேக்கேஜ்களில் 14 அங்குலம். படம் தெளிவு, வேகம், கார்ப்ளே கம்பி இல்லாமலே ஓடும். 2022-இல் போனைக் கம்பியால் இணைத்தால்தான் கார்ப்ளே.

ஆனால் புதியதை முழு மனதோடு புகழவும் முடியவில்லை. 2022-இல் ஏசிக்கும் இருக்கைச் சூட்டுக்கும் கைக்குத் தட்டுப்படும் பொத்தான்கள் உண்டு. 2023-இல் வெப்பநிலைக்கும் ஒலி அளவுக்கும் திருகுகளை விட்டுவைத்து, மற்றவற்றில் பலவற்றைத் திரைக்குள் தள்ளிவிட்டார்கள். மேல் பேக்கேஜ்களில் ஸ்டீயரிங்கில் உள்ள பொத்தான்களில் பெயர் எழுதியிருக்காது. விரல் வைத்தால் எது எது என்று முன்கண்ணாடியில் ஒளிரும். பழகினால் வசதி என்கிறார்கள், எனக்குப் பழகவில்லை. போலராய்டு கறுப்புக் கண்ணாடி அணிந்திருந்தால் அந்த ஒளிர்வே மங்கிப்போகும். காரின் சொந்த வரைபடமும் இணையச் சேவையாகிவிட்டது, இலவசக் காலம் முடிந்ததும் சந்தா கேட்கும். எப்படியும் போனின் வரைபடத்தைத்தான் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

கதவு ஒரு தனிக் கதை. 2023-இல் உள்பக்கக் கைப்பிடியை இழுக்கத் தேவையில்லை, ஒரு பொத்தானை அழுத்தினால் மின்சாரத்தால் திறக்கும். பின்னால் சைக்கிளோ காரோ வந்தால் திறக்கவிடாமல் தடுக்கும், அது மிக நல்ல பாதுகாப்பு. ஆனால் உங்கள் பெற்றோர் முதல் வாரம் முழுக்க “கதவு திறக்கவில்லை” என்பார்கள். மின்சாரம் போனால் கையால் எப்படித் திறப்பது என்பதை வாங்கும் அன்றே டீலரிடம் செய்துகாட்டச் சொல்லி, வீட்டில் எல்லோருக்கும் காட்டிவிடுங்கள். இதை அலட்சியமாக விடாதீர்கள்.

பாதுகாப்பு அமைப்பில் 2022-இல் இருப்பது இரண்டாம் பதிப்பு, 2023-இல் மூன்றாம் பதிப்பு. இரண்டிலும் தானாகப் பிரேக் போடுவதும், முன்வண்டியின் வேகத்துக்கு ஏற்பப் போவதும், தடத்தில் வைத்திருப்பதும் உண்டு. மூன்றாம் பதிப்பு கூடுதலாக வளைவுகளில் தானே மெல்ல வேகத்தைத் தணிக்கும், முன்னால் ஆள் குறுக்கிட்டால் முன்கூட்டியே சுதாரிக்கும். நகர நெரிசலில் ஓட்டுபவருக்கு இது உண்மையான முன்னேற்றம். வீட்டில் புதிதாக லைசென்ஸ் எடுக்கப்போகும் பிள்ளை இருந்தால் 2023-இன் பக்கம் இதற்காகவே ஒரு கல்லை எடுத்து வைக்கலாம்.

வெளி நீளம் இரண்டுக்கும் ஒன்றே, 4,890 மில்லிமீட்டர். முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம் மட்டும் புதியதில் 60 மில்லிமீட்டர் அதிகம், 2,850. எடையும் 90 கிலோ வரை குறைத்திருப்பதாக லெக்சஸ் சொல்கிறது. வளைவுகளில் புதியது சாய்வது குறைவு. பழையது மெத்தென்று மிதக்கும். வயதானவர்கள் பின்னால் உட்கார்ந்து நெடுந்தூரம் வந்தால் பழையதைத்தான் விரும்புவார்கள். டயரையும் கவனியுங்கள்: பழையதில் 18 அல்லது 20 அங்குலம், புதியதில் 19 அல்லது 21. நியூ ஜெர்சிச் சாலைக் குழிகளில் 21 அங்குல டயரின் மெல்லிய ரப்பர் வீங்கிப்போவதும் ரிம் வளைவதும் சாதாரணம், விலையும் அதிகம். எந்த ஆண்டு எடுத்தாலும் சிறிய சக்கரம் உள்ளதையே எடுங்கள். அழகு கொஞ்சம் குறையும், இடுப்பு நன்றாக இருக்கும்.

ஐந்து பேருக்கு மேல் ஏறுவீர்களா என்பதை நீங்கள் சொல்லவில்லை. பெற்றோர் வரும் மாதங்களில் நீங்கள் இருவர், பிள்ளைகள் இருவர், அவர்கள் இருவர் என்று ஆறு ஆனால் உங்கள் இரண்டு கார்களுமே உதவாது. பழைய தலைமுறையில் 2018 முதல் 2022 வரை ஆர்எக்ஸ் எல் என்று மூன்று வரிசை வண்டி ஒன்று இருந்தது, நீளம் 5 மீட்டர். புதிய தலைமுறையில் அது இல்லை. ஆனால் அந்த மூன்றாம் வரிசை குழந்தைகளுக்கு மட்டும்தான். பெரியவர் ஒருவரை அங்கே உட்காரவைத்துப் பக்கத்து ஊருக்குக்கூட அழைத்துப்போக முடியாது. உண்மையாகவே மூன்று வரிசை வேண்டும் என்றால் 2024-இல் வந்த டிஎக்ஸைப் பாருங்கள், அல்லது ஆடம்பரத்தை ஓரமாக வைத்துவிட்டு டொயோட்டா சியனா வேனை வாங்குங்கள். ஆறு பேர் குடும்பத்துக்கு அதைவிட வசதியான வண்டி லெக்சஸிடம் இல்லை என்பதை லெக்சஸ்காரர்களே ஒப்புக்கொள்வார்கள், விற்பனைக் கூடத்துக்கு வெளியே வைத்துக் கேட்டால்.

வாரண்டி. லெக்சஸுக்குப் பொதுவானது 4 ஆண்டு அல்லது 50,000 மைல், எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் 6 ஆண்டு அல்லது 70,000 மைல். முதல் உரிமையாளர் வாங்கிய நாளிலிருந்து கணக்கு. நீங்கள் ஓட்டும் வேகத்தில் 38,000 மைல் ஆன 2022 இன்னும் இரண்டு ஆண்டில் 70,000-ஐத் தொடும், 31,000 ஆன 2023 இரண்டரை ஆண்டில். பெரிய வித்தியாசம் இல்லை. லெக்சஸின் சான்றளிக்கப்பட்ட பழைய கார் என்றால் மேலும் 2 ஆண்டு, மைல் வரம்பில்லாமல் கிடைக்கும். டீலர்கள் ‘சான்றளிக்கப்பட்டது’ என்று தாங்களாகவே ஒட்டிக்கொள்ளும் சொந்தச் சான்றிதழும் உண்டு, அது வேறு. எது என்று எழுத்தில் கேளுங்கள்.

பார்த்து வைத்த இரண்டும் ஒரே தரத்துப் பேக்கேஜா என்பதையும் சரிபாருங்கள். மேல் பேக்கேஜ் 2022-ஐயும் அடிப்படை 2023-ஐயும் பக்கத்தில் நிறுத்தினால் பழையதில்தான் நல்ல தோலும், நல்ல ஒலிபெருக்கியும், பெரிய திரையும் இருக்கும். அப்போது 6,000 டாலரை அதிகம் கொடுத்துக் குறைவாக வாங்கியது போல ஆகும்.

வாங்குமுன் வண்டியைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பாருங்கள். வடகிழக்கு மாநிலங்களில் ஓடிய வண்டியில் சாலை உப்பு பிரேக் குழாய்களையும் சஸ்பென்ஷன் போல்டுகளையும் எவ்வளவு தின்றிருக்கிறது என்பது மேலிருந்து தெரியாது. வின் எண்ணை அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பின் தளத்தில் போட்டால் பாக்கியுள்ள ரீகால்கள் (குறையைச் சரிசெய்ய நிறுவனம் வண்டியைத் திரும்ப அழைப்பது) வந்துவிடும், இலவசம். ஆயில் மாற்றிய பதிவுகளைக் கேளுங்கள். நிறுவனம் 10,000 மைலுக்கு ஒருமுறை போதும் என்கிறது. வி6-க்கு அதை நான் சகித்துக்கொள்வேன், டர்போ வண்டியில் 5,000 மைலுக்கு ஒருமுறை மாற்றியவரிடமிருந்துதான் வாங்குவேன்.

அடுத்த சனிக்கிழமை போகும்போது அதே டீலரிடமோ பக்கத்து டீலரிடமோ ஒரு 2023 அல்லது 2024 ஆர்எக்ஸ் 350எச் இருக்கிறதா என்று கேளுங்கள். 2024 என்றால் புதிய தலைமுறையின் இரண்டாம் ஆண்டு, முதல் ஆண்டு வண்டிகளின் சில்லறைக் குறைகள் பெரும்பாலும் அதற்குள் சரிசெய்யப்பட்டிருக்கும். வி6-ஐ முதலில் ஓட்டிவிட்டு உடனே 350எச்-ஐ ஓட்டுங்கள். நெடுஞ்சாலை நுழைவில் முழுதாக மிதித்துப் பாருங்கள். அந்த இரைச்சல் உங்களுக்கும் உங்கள் மனைவிக்கும் பொறுக்கும்படி இருந்தால் ஹைபிரிடை எடுங்கள். முகம் சுளிக்க வைத்தால் 2022 வி6-க்கே திரும்பி, 2021-இன் விலையைக் காட்டிப் பேரத்தைத் தொடங்குங்கள்.